ஆழம் தெரியாமல் காலை விடாதே!
(சாஃப்ட்வேர் எஸ்டிமேட்: ஆராய்ச்சி சொல்வதும் அனுபவம் சொல்வதும்)



"எத்தனை நாள்ல முடிச்சுத் தருவீங்க தம்பி?"

டிப்ளமோ முடித்து வெளியே போகிற நம் ஒவ்வொருவரையும் நோக்கி வரப்போகும் கேள்வி இது. சிவில் பிரிவு நண்பனிடம் கேட்டுப் பாருங்கள், திணற மாட்டான். ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுக்கு மாடுலர் செங்கல் 500 என்று கணக்கு சொல்வான். கொத்தனார் எத்தனை, சித்தாள் எத்தனை என்பதற்கு டேட்டா புக்கைப் புரட்டுவான். கூலிக்கும் பொருளுக்கும் பி.டபிள்யூ.டி. ரேட் புத்தகம் இருக்கிறது. மெக்கானிக்கல் நண்பனும் அப்படியே. 300 மி.மீ. நீள ஷாஃப்ட், ஃபீடு 0.25 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 400 சுற்று என்றால், நீளத்தை ஃபீடும் சுற்றும் பெருக்கிய தொகையால் வகுத்து, "ஒரு கட்டுக்கு 3 நிமிஷம்" என்று சொல்லிவிடுவான்.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரனிடம் கேட்டால்? மேலே பார்ப்பான், விரலை மடக்குவான், "ஒரு மாசம் ஆகும் சார்" என்பான். அது ஏன் ஒரு மாதம் என்று கேட்டால் பதில் வராது. சிவில் நண்பன் ஒருநாள் ஹாஸ்டல் மாடியில் என்னை மடக்கினான்: "எங்களுக்கு டேட்டா புக் இருக்கு. உங்களுக்கு என்னடா இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று ஓரளவு இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலுக்கு நாங்கள் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். நீங்களும் அந்த விலையைக் கொடுக்க வேண்டாமே என்றுதான் இந்தக் கட்டுரை.

பொங்கலுக்குள் முடியும்!

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நாங்கள் நால்வர் சேர்ந்து ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஒரு புரோகிராம் எழுத முன்வந்தோம். டிவைடிங் சிஸ்டம் மெஸ். மாதச் செலவைச் சாப்பிட்ட நாட்களால் வகுத்து ஆளாளுக்குப் பில் போட வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

மெஸ் செகரட்டரி அண்ணன் கேட்டார்: "பொங்கலுக்குள்ள முடிச்சிடலாம்ல?"

நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டிசம்பர் முதல் வாரம் ஆரம்பித்தால் பொங்கலுக்கு ஆறு வாரம். ஆளுக்கு வாரம் 5 மணி நேரம். ஆக 4 × 5 × 6 = 120 மணி நேரம். "தாராளமா முடியும்ணா!" என்றோம். அந்த வார்த்தையை நம்பி ஜனவரி மாதத்துக்கு லெட்ஜரில் கணக்கு எழுதுவதையே அவர் நிறுத்திவிட்டார்.

புரோகிராம் முடிந்தது மார்ச் 20-ஐத் தாண்டி. ஜனவரி மாத பில் பிப்ரவரி கடைசியில்தான் வெளிவந்தது, அதுவும் துண்டுச் சீட்டுகளைப் பொறுக்கிக் கையால் போட்டது. பணம் வசூலாகாததால் மளிகைக்கடைக்காரருக்கு நிலுவை நின்றது. அவர் அரிசி மூட்டையை இறக்க மாட்டேன் என்று கேட் வரை வந்து சண்டை போட்டார். இதையெல்லாம்விடப் பெரிய கஷ்டம் வேறு. பில் போடும் பகுதி முழுவதையும் தலையில் சுமந்த எங்கள் நண்பன் இரவெல்லாம் லேபிலும் பகலெல்லாம் வகுப்புத் தூக்கத்திலும் இருந்தான். ஏப்ரல் தேர்வில் அவனுக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்தது. அவன் எங்களிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. 120 என்று மாடிப்படியில் நின்று சொன்ன அந்த ஒற்றை எண்ணுக்கு எங்கள் நால்வருக்கும் பங்கு உண்டு. அரியர் மட்டும் அவனுக்கு.

ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. எங்கள் கைடு சார் கட்டாயப்படுத்தி ஒரு லாக் புக் எழுத வைத்திருந்தார். யார், எந்த வேலையை, எத்தனை மணி நேரம் செய்தான் என்று தினமும் ஒரு வரி. வேண்டா வெறுப்பாகத்தான் எழுதினோம். முடித்தபின் கூட்டிப் பார்த்தபோது வந்தது இது:

மெஸ் விதிகளைப் புரிந்துகொண்டது, பிறகு அவர்கள் மாற்றச் சொன்னதைப் பேசித் தீர்த்தது: 52 மணி
புரோகிராம் எழுதியது: 104 மணி
பழைய ரிஜிஸ்டரிலிருந்து விவரங்களை ஏற்றியது: 38 மணி
சோதனை செய்து தப்புகளைத் திருத்தியது: 70 மணி
பிரிண்டர், இன்ஸ்டலேஷன், கையேடு, ரிப்போர்ட்: 48 மணி
மொத்தம்: 312 மணி

120 எங்கே, 312 எங்கே! ஆனால் இரண்டாவது வரியை மறுபடி பாருங்கள். புரோகிராம் எழுத ஆனது 104 மணிதான். அதாவது நாங்கள் சொன்ன 120, கோடிங்குக்கு மட்டும் என்றால் சரியான கணிப்பு! தெரிந்த வேலையைத் தப்பாக அளக்கவில்லை. மற்ற மூன்றில் இரண்டு பங்கு வேலையை வேலை என்றே நினைக்கவில்லை. "லீவு போட்டவனுக்கு எத்தனை நாளுக்கு மேல ரிடக்‌ஷன்? கெஸ்ட் சாப்பாடு யார் கணக்கு? விருந்து அன்னிக்கு சைவக்காரனுக்குத் தனி ரேட்டா?" இந்தக் கேள்விகள் எதுவும் மாடிப்படியில் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பெரியவர்களும் வழுக்கிய இடம்

இது நம் அறியாமை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ்./360 என்ற மாபெரும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் ஃப்ரெட் புரூக்ஸ். அந்த வேலையும் தாமதமாகித்தான் முடிந்தது. அந்த அனுபவத்தை 1975-ல் 'தி மித்திக்கல் மேன்-மன்த்' என்ற புத்தகமாக எழுதினார். ஒரு ப்ராஜெக்டின் காலத்தை அவர் பங்கு பிரிக்கும் விதம் இது: திட்டமிட மூன்றில் ஒரு பங்கு, கோடிங்குக்கு ஆறில் ஒரு பங்கு, பகுதி பகுதியாகச் சோதிக்கக் கால் பங்கு, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சோதிக்க இன்னொரு கால் பங்கு. கோடிங்குக்கு ஆறில் ஒன்றுதான்! நாங்கள் மூன்றில் ஒன்று செலவழித்தோம், அவ்வளவே வித்தியாசம்.

இப்போது ஏ.ஐ. கருவிகள் புரோகிராம் எழுதித் தருகின்றனவே, இனி எஸ்டிமேட் எதற்கு என்று சிலர் கேட்கலாம். எங்கள் லாக் புக்கையே வைத்துச் சொல்கிறேன். கோடிங் நேரம் பூஜ்யம் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 312-ல் 104 போக மீதி 208 மணி. நாங்கள் வாக்குக் கொடுத்தது 120. அப்போதும் பொங்கல் போய்விட்டிருக்கும்!

ஃபார்முலா பிறந்த கதை

சாஃப்ட்வேருக்கும் ஒரு டேட்டா புக் வேண்டும் என்று முயன்றவர்களில் முக்கியமானவர் பாரி போம். அமெரிக்காவில் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தில் பணியாற்றியபோது, முடிந்துபோன 63 ப்ராஜெக்டுகளின் விவரங்களைத் திரட்டி, 1981-ல் 'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் எகனாமிக்ஸ்' என்ற தடித்த புத்தகத்தை வெளியிட்டார். அதில் வந்ததுதான் நம் பாடத்திலும் இருக்கும் 'கோகோமோ' மாடல். சிறிய குழு, பழகிய வேலை என்றால் அதன் எளிய வடிவம் இது:

உழைப்பு = 2.4 × (ஆயிரம் வரிகளில் புரோகிராமின் அளவு) அடுக்கு 1.05

விடை ஆள்-மாதத்தில் வரும். ஓர் ஆள்-மாதம் என்பது 152 மணி நேரம். அடுக்கில் 1.05 ஏன்? புரோகிராம் இரண்டு மடங்கு ஆனால் உழைப்பு இரண்டு மடங்குக்கும் சற்று மேலாகிறது என்பதற்காக. பெரிய வேலையில் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு பொருத்துவதே தனி வேலை. விமானம், ராக்கெட் போன்றவற்றுக்குள் ஓடும் கடினமான புரோகிராம்களுக்கு 2.4-க்குப் பதில் 3.6, அடுக்கு 1.20 என்று கொடுத்திருக்கிறார்.

நம்மில் பெரும்பாலோர் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வோம், பத்து மார்க் வாங்குவோம், மறப்போம். நான் இதை எங்கள் மெஸ் புரோகிராமுக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் புரோகிராம் சுமார் 2,000 வரி. இரண்டின் அடுக்கு 1.05 என்பது 2.07. அதை 2.4-ஆல் பெருக்கினால் சுமார் 5 ஆள்-மாதம். மணியில் சொன்னால் சுமார் 755.

நாங்கள் சொன்னது 120. ஃபார்முலா சொன்னது 755. நடந்தது 312. நாங்களும் தப்பு, ஃபார்முலாவும் தப்பு!

தப்பு ஃபார்முலாவிலா, நம்மிடமா?

இதே சந்தேகம் கிறிஸ் கெமரர் என்ற ஆராய்ச்சியாளருக்கும் வந்தது. ஒரே நிறுவனம் முடித்த 15 வணிகக் கணக்கு ப்ராஜெக்டுகளை எடுத்துக்கொண்டார். கோகோமோ உட்பட நான்கு பிரபல மாடல்களை அவற்றின்மீது போட்டுப் பார்த்து 1987-ல் முடிவை வெளியிட்டார். கோகோமோவை அப்படியே எடுத்துப் போட்டபோது சராசரித் தவறு 500 சதவீதத்தையும் தாண்டியது. அதிகமாகச் சொல்லும் பக்கமே தவறு நின்றது, எங்களுக்கு நடந்தது போலவே.

அப்படியானால் ஃபார்முலா குப்பையா? இல்லை நண்பர்களே. இங்கேதான் விஷயம் இருக்கிறது. வேறு இடத்தில், வேறு மொழியில், வேறு ஆட்கள் செய்த வேலையிலிருந்து எடுத்த எண்ணை நம் வேலைக்குப் போட்டால் எப்படிப் பொருந்தும்? மதுரை ரேட் புத்தகத்தை வைத்து இமயமலையில் ரோடு போட எஸ்டிமேட் கொடுப்பதைப் போல! அதனால் அந்தந்த இடத்தின் பழைய கணக்கை வைத்து எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் கெமரரின் முடிவு. போம் தம் புத்தகத்திலேயே அதற்கான வழியைச் சொல்லியிருக்கிறார். 2000-ல் வந்த 'கோகோமோ II' புத்தகத்துக்காக 161 ப்ராஜெக்டுகளை வைத்து எண்களைப் புதிதாகக் கணக்கிட்டபோதும் இதே அறிவுரைதான்.

எங்கள் விஷயத்தில், 312 மணி என்றால் 2.05 ஆள்-மாதம். அதை 2.07-ஆல் வகுத்தால் சுமார் 1. அதாவது போமுக்கு 2.4 என்று வந்த எண் எங்கள் குழுவுக்கு 1. ஒரே ஒரு ப்ராஜெக்டை வைத்து இதைச் சட்டமாக்க முடியாதுதான். ஐந்தாறு ப்ராஜெக்டாவது சேர வேண்டும். ஆனால் திசை புரிகிறது அல்லவா? ஃபார்முலா என்பது வெறும் பாத்திரம். அதில் ஊற்ற வேண்டியது நம் சொந்தக் கணக்கு.

வரியை எண்ணாதே, வேலையை எண்ணு

இன்னொரு சங்கடம். புரோகிராம் எத்தனை வரி வரும் என்பது எழுதி முடித்த பிறகுதானே தெரியும்? எஸ்டிமேட்டோ எழுதுவதற்கு முன்னால் வேண்டும். இதற்கு வழி சொன்னவர் ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ஆலன் ஆல்பிரெக்ட். 1979-ல் அவர் சொன்னது சுருக்கமாக இது: வரியை விடு. பயன்படுத்துபவர் கண்ணுக்குத் தெரிகிற வேலைகளை எண்ணு. உள்ளே போகும் விவரம் எத்தனை, வெளியே வரும் அறிக்கை எத்தனை, கேட்டுத் தெரிந்துகொள்ளும் திரை எத்தனை, பாதுகாத்து வைக்கும் ஃபைல் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இதுதான் 'ஃபங்ஷன் பாயிண்ட்' முறை.

முழு முறையில் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்து மூன்று விதமாக மதிப்பெண் போட வேண்டும். ஆரம்பத்திலேயே அவ்வளவு விவரம் கிடைக்காது. நெதர்லாந்தில் உள்ள நெஸ்மா என்ற அமைப்பு இதற்கு ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறது. ஃபைல்களுக்குச் சுலப மதிப்பெண், மற்றவற்றுக்கு நடுத்தர மதிப்பெண் என்று போட்டுவிடலாம். எங்கள் மெஸ் புரோகிராமை இப்படி எண்ணினால்:

உள்ளே போவது (மாணவர் விவரம், வருகை-லீவு, கொள்முதல், கட்டிய பணம்): 4 × 4 = 16
வெளியே வருவது (மாத பில், பாக்கிப் பட்டியல், இருப்பு அறிக்கை): 3 × 5 = 15
கேட்டுப் பார்ப்பது (ஒருவர் கணக்கு, ஒரு பொருளின் இருப்பு): 2 × 4 = 8
ஃபைல்கள் (மாணவர், வருகை, ஸ்டாக், கணக்கு): 4 × 7 = 28
மொத்தம்: 67 புள்ளி

இந்தக் கணக்கைப் போட அரைமணி நேரம் போதும், ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டாம். இப்போது 312-ஐ 67-ஆல் வகுத்தால், ஒரு புள்ளிக்குச் சுமார் 4.7 மணி நேரம். சிவில் நண்பா, கேட்டாயே! இதோ எங்கள் ரேட் புத்தகத்தின் முதல் வரி!

மனசு செய்யும் சூழ்ச்சி

கணக்கு இருந்தாலும் மனசு சும்மா இருக்காது. மாணவர்களாகிய நமக்கு மிகவும் பொருந்தும் ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். கனடாவில் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியல் ஆராய்ச்சியாளர்கள், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். 1994-ல் வெளியான முடிவு இது: மாணவர்கள் சொன்னது சராசரி 33.9 நாள். ஆனது 55.5 நாள். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கு மாணவர்கள் சொன்னது 48.6 நாள். அதாவது, "ரொம்ப மோசமா போனா" என்று சொன்ன கணக்கைவிடவும் நிஜம் மோசமாக இருந்தது!

காரணம் என்ன? கணிக்கும்போது நாம் முன்னால் இருக்கும் வேலையை மட்டும் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கிறோம். போன தடவை எத்தனை நாள் ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், "அப்ப பிரிண்டர் ரிப்பேர், அதனாலதான்" என்று தள்ளிவிடுகிறோம். இந்த முறை பிரிண்டர் ரிப்பேர் ஆகாமல் இருக்கலாம். அதற்குப் பதில் கரண்ட் போகும்.

இன்னொரு சூழ்ச்சி, முதலில் காதில் விழும் எண். ட்வெர்ஸ்கி, கானமன் இருவரும் 1974-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10-லோ 65-லோ மட்டும் நிற்கும்படி செய்து வைத்திருந்தார்கள். பிறகு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்கள் சொன்ன பதில்களின் நடு எண் 25. 65-ஐப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. இருந்தும் அந்த எண் மனசை இழுத்துவிட்டது. நார்வே நாட்டின் மாக்னே யோர்கென்சன் போன்றோர், சாஃப்ட்வேர் எஸ்டிமேட்டிலும் இதே இழுப்பு இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

எங்களுக்கு அந்தச் சக்கரம் 'பொங்கல்'. அண்ணன் பொங்கல் என்றார், நாங்களும் பொங்கல் என்றோம். வேலையிலிருந்து தேதிக்கு வரவில்லை. தேதியிலிருந்து வேலைக்கு வந்தோம். அந்த 120 ஒரு கணிப்பே அல்ல. இருக்கும் நாட்களைப் பெருக்கிப் பார்த்த கணக்கு.

ஆள் சேர்த்தால் ஆகாதா?

பிப்ரவரி நடுவில் பயந்துபோய், முதலாம் ஆண்டுத் தம்பிகள் இருவரைச் சேர்த்துக்கொண்டோம். அவர்களுக்கு ஃபைல் அமைப்பை விளக்கவே ஒரு வாரம் போனது. அவர்கள் செய்த தப்பைத் திருத்த இன்னொரு வாரம். பாவம், அவர்கள் மேல் குற்றமில்லை. தாமதமான ப்ராஜெக்டில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று புரூக்ஸ் 1975-லேயே எச்சரித்ததைத்தான் நாங்கள் செய்து காட்டினோம். நால்வர் என்றால் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 6. அறுவர் என்றால் 15. ஆள் ஒன்றரை மடங்கு, பேச்சு இரண்டரை மடங்கு!

நாம் செய்யக்கூடியவை

ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தால் பயனில்லை. நம் ப்ராஜெக்ட் அளவுக்கு அவற்றைச் சுருக்கினால் ஆறு காரியங்கள் வருகின்றன.

1. லாக் புக் எழுதுங்கள். தேதி, வேலை, மணி நேரம் என்று தினம் ஒரு வரி. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ஃப்ரி, 1995-ல் ஒரு முழுப் புத்தகத்தையே இந்தப் பழக்கத்தின்மேல் கட்டினார். தனி மனிதன் தன் நேரத்தையும் தன் தப்புகளையும் தானே குறித்து வைத்தால்தான் தன்னைக் கணிக்க முடியும் என்பது அவர் கொள்கை. நம் சென்னையில் அவர் பெயரிலேயே ஒரு மென்பொருள் தரக் கல்வி நிறுவனம் 2000-ல் தொடங்கப்பட்டது.

2. வேலையைத் துண்டு போடுங்கள். கோடிங் ஒரு வரி. அதன் கீழே விசாரணை, பழைய விவரம் ஏற்றுதல், சோதனை, மாற்றம், இன்ஸ்டலேஷன், கையேடு, ரிப்போர்ட், வைவா. எங்கள் லாக் புக்கின் ஐந்து தலைப்புகளைச் செக்-லிஸ்டாக எடுத்துக்கொண்டாலே போதும்.

3. தேதியைக் கேட்பதற்கு முன் எஸ்டிமேட் போடுங்கள். "எப்ப வேணும்?" என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும்.

4. தனித்தனியாகச் சீட்டில் எழுதுங்கள். நால்வரும் பேசாமல் எழுதி ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அதிகம் சொன்னவனும் குறைவாகச் சொன்னவனும் காரணம் சொல்ல, மறுபடி எழுத வேண்டும். ராண்ட் நிறுவனத்தில் பிறந்த டெல்ஃபி முறையைச் சாஃப்ட்வேருக்கு ஏற்றபடி போம் மாற்றியது இதுதான். 2002-ல் ஜேம்ஸ் கிரென்னிங் இதைச் சீட்டாட்டம் போல ஆக்கி 'ப்ளானிங் போக்கர்' என்று பெயர் வைத்தார். எங்கள் குழுவில் அதிகம் சொல்லியிருக்கக்கூடியவன் அரியர் விழுந்த அந்த நண்பன்தான். "எனக்கு அப்பவே தோணுச்சு, நீங்க மூணு பேரும் சரின்னதும் பேசாம இருந்துட்டேன்" என்று பிறகு சொன்னான். ஒரு துண்டுச் சீட்டு அவனைக் காப்பாற்றியிருக்கும்.

5. மூன்று எண் போடுங்கள். நன்றாகப் போனால், வழக்கமாகப் போனால், மோசமாகப் போனால். 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் திட்டத்தில் உருவான பெர்ட் முறைப்படி, நடு எண்ணை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். பில் அச்சிடும் பகுதிக்கு 4, 8, 24 மணி என்றால், (4 + 32 + 24) ÷ 6 = 10 மணி. ஆனால் அந்த ஆய்வேட்டு மாணவர்களை மறக்காதீர்கள். நாம் நினைக்கும் 'மோசம்' போதாது. அந்த மூன்றாவது எண்ணை லாக் புக்கைப் பார்த்துப் போடுங்கள்.

6. முதல் நாளில் ஒற்றை எண் சொல்லாதீர்கள். வேலை இன்னதென்று தெளிவாகாத கட்டத்தில், சொன்ன எண் நான்கு மடங்காகவும் ஆகலாம், கால் பங்காகவும் ஆகலாம் என்று போம் 1981-லேயே படம் போட்டுக் காட்டினார். எங்கள் 120 மணி உண்மையில் 30-லிருந்து 480 வரை. நடந்த 312 அதற்குள்தான் விழுந்தது! விதிமுறைகளைக் கேட்டு எழுதியபின் மறுபடி போடுங்கள். பாதி வேலையில் இன்னொரு முறை போடுங்கள். மாறினால் அன்றே போய்ச் சொல்லுங்கள். "பொங்கலுக்கு முடியாதுண்ணா, லெட்ஜரை நிறுத்தாதீங்க" என்று டிசம்பர் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மளிகைக்கடைக்காரர் கேட்டுக்கு வந்திருக்க மாட்டார்.

இரண்டாம் முறை

இந்த ஆண்டு எங்கள் துறை சிம்போசியத்துக்குப் பதிவு புரோகிராம் எழுதும் வேலை வந்தது. இந்த முறை மாடிப்படியில் பதில் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றோம் சார்" என்றோம். இரவு உட்கார்ந்து எண்ணினோம். உள்ளே போவது 3, வெளியே வருவது 2, கேட்டுப் பார்ப்பது 1, ஃபைல் 2. புள்ளிகள் 12 + 10 + 4 + 14 = 40. ஒரு புள்ளிக்கு 4.7 மணி. ஆக 188 மணி. "150-லிருந்து 250 மணி நேரம் ஆகும் சார். சிம்போசியத்துக்குள் முடிய வேண்டுமானால் சான்றிதழ் அச்சிடும் பகுதியை விட்டுவிடலாம்" என்று தாளில் எழுதிக் கொடுத்தோம். சார் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "சரி, சான்றிதழ் வேண்டாம்" என்றார்.

ஆனது 205 மணி. சிம்போசியத்துக்கு நான்கு நாள் முன்னால் முடிந்தது. யாரும் இரவில் லேபில் தூங்கவில்லை. அரியர் நண்பனும் குழுவில் இருந்தான். பழைய பேப்பரையும் நவம்பரில் எழுதி முடித்துவிட்டான். ஒரு முறை பலித்ததால் இது வேதவாக்கு ஆகிவிடாது. அடுத்த முறை தவறலாம். தவறினால் அதையும் லாக் புக்கில் எழுதுவோம். 4.7 என்பது 5 ஆகும் அல்லது 4.5 ஆகும். அந்த லாக் புக்கைத் துறை நூலகத்தில் கொடுத்திருக்கிறோம். ஜூனியர் தம்பி தங்கைகள் தங்கள் ப்ராஜெக்ட் கணக்கையும் அதன்கீழ் எழுதினால், நாலைந்து ஆண்டுகளில் நம் துறைக்கென்று ஒரு டேட்டா புக் உருவாகிவிடும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். உழைப்பை வாரிக் கொடுக்க நாம் யாரும் தயங்குவதில்லை. ஆனால் அளக்காமல் கொடுத்த வாக்குறுதிக்கு யாரோ ஒருவர், பெரும்பாலும் நம் குழுவிலேயே அதிகம் பேசாத ஒருவர், தூக்கத்தையும் மார்க்கையும் விலையாகக் கொடுக்கிறார். நாளை வேலையில் சேர்ந்து, "எத்தனை நாள்ல முடிப்பீங்க தம்பி?" என்ற கேள்வி வரும்போது, விரலை மடக்காமல் லாக் புக்கைத் திறப்போம்.



– மூன்றாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் பிரிவு